புகைக்கு வரி கட்டியவன்

அந்தக் குறுஞ்செய்தி வந்தபோது நான் சவுதியில் தம்மாமிலிருந்து ஜுபைலுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டும்போது கைப்பேசியைத் தொட்டால் சாலைக் கேமரா படம் பிடித்துவிடும் என்பதால், பக்கத்து இருக்கையில் இருந்த சர்வேயரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அரபி எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கத் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“அண்ணாச்சி, இஸ்திமாரா முடியப்போவுது. புதுப்பிக்கணுமாம். கூட இன்னொரு கட்டணமும் போட்டிருக்கான்.”

“என்னய்யா கட்டணம்?”

“வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எவ்வளவு புகை விடும், அதுக்குத் தக்கன வருஷத்துக்கு இவ்வளவுன்னு. புது வண்டின்னா கொறவு. உங்க வண்டி பழசு, எட்டு சிலிண்டர். இருக்கதுலயே மேல உள்ள படி உங்களுக்காக்கும்.”

இஸ்திமாரா என்றால் வண்டிப் பதிவு. அதைப் புதுப்பிக்கிற செலவு எனக்குப் புதிதில்லை. ஆனால் புகைக்குத் தனியாக ஒரு வரி என்றதும் ஸ்டியரிங்கை ஓங்கி ஓர் அடி அடித்தேன். நடு வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த அரியலூர் அண்ணன் தம்பி இருவரும் திடுக்கிட்டு விழித்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மறுபடி தூங்கிப்போனார்கள். சத்தியமாகச் சொன்னால் தொகை பெரிதில்லை. குடும்பத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தால் ஆகிற செலவுதான். எனக்கு வலித்தது வேறு. பதினோரு வருடமாக நான் துடைத்து, கழுவி, கண்ணும் கருத்துமாக வைத்திருக்கும் வண்டியைப் பார்த்து, அதைப் பார்த்தே இராத எவனோ ஒருவன் அழுக்கு வண்டி என்று பட்டியலில் கடைசியில் தள்ளிவிட்டானே என்று கோபம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் மெதுவாகத்தான் போகும். வீட்டில் கேட்டால் போகவே போகாது என்பார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்கே போனாலும் இதே பேச்சு. எங்கள் பட்டறை ஸ்டோரில், நான்தான் அங்கே ஸ்டோர் கீப்பர், நட்டு போல்ட்டு வாங்க வருகிறவன்கூட முதலில் தன் வண்டி எந்தப் படியில் விழுந்தது என்று சொல்லிவிட்டுத்தான் சாமான் பெயரைச் சொன்னான். ஒருவர் பெரிய வண்டியை விற்றுவிட்டுப் பொடி வண்டி ஒன்று வாங்கி, அதிலிருந்து இறங்கும்போதெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் இது ஆரம்பம்தான், வருஷா வருஷம் ஏறும் பாருங்கள் என்று எல்லாரையும் பயமுறுத்தினார். கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டார்கள். எண்ணெய் எடுக்கிற ஊரில் எண்ணெயை எரிப்பதற்கு வரியா என்று கேட்காதவர் இல்லை. நானும் கேட்டேன், மற்றவர்களைவிடச் சத்தமாகவே.

வண்டியில் நாங்கள் மொத்தம் ஐந்து பேர். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு தினமும் ஜுபைல் போய் வருகிறவர்கள். சர்வேயரையும் அரியலூர்க்காரர்களையும் சொல்லிவிட்டேன். ஐந்தாவது ஆள் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். ஜுபைலில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி அலுவலகத்தில் வேலை. தம்மாமில் இரண்டு தமிழ் நர்சுகளோடு ஒரு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார். கணவரும் இங்கேதான் இருந்தார், வேலை போய் ஊருக்குத் திரும்பிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அடுத்த விசாவுக்குக் காத்திருக்கிறார் என்று சொல்லுவார். என்னை அண்ணை என்பார், நான் தங்கச்சி என்பேன்.

அவர் உட்கார்ந்தது மூன்றாவது வரிசையில். அது என் ஏற்பாடு. நான்கு ஆண்கள் போகிற வண்டியில் ஒரு பெண் ஏறினால் அவர் பக்கத்தில் எந்த ஆணும் உட்காரக் கூடாது என்று கடைசி வரிசை முழுவதையும் அவருக்கு விட்டோம். அவர் ஏறும்போது நடு வரிசை ஆட்கள் இறங்கி நின்று, இருக்கையை மடித்து வழிவிடுவார்கள். இப்படிப் பங்கு போட்டுப் போகிற நம் ஆட்களின் வண்டிகளில் இதுதான் வழக்கம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன்.

பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஃபஹஸ் போக வேண்டும். வருடாந்தரப் பரிசோதனை. பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகிப் புகையை அளப்பார்கள். என் வண்டி அதில் தேறாது என்று எனக்கே தெரியும். புகைக்குழாயின் நடுவில் கேட்டலிஸ்ட் என்று ஒரு டப்பா இருக்கும், நச்சுப் புகையைச் சுட்டுச் சுத்தமாக்கி வெளியே அனுப்புவது அதன் வேலை. என் வண்டியில் அது அடைத்துப்போய், மேடு ஏறும்போது எஞ்சின் முக்கிக்கொண்டிருந்தது. சனாயாவுக்கு, அதாவது தொழிற்பேட்டைக்கு, ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே என் பழைய மெக்கானிக், பாகிஸ்தான் பட்டாணிக்காரர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“பாயி, டப்பா கலாஸ். புதுசு போட்டா உன் வண்டியில பாதி விலை.”

“வேற வழி?”

அவர் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே ஒரு டப்பா துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. விபத்தில் நசுங்கிய ஒரு புது வண்டியிலிருந்து எடுத்ததாம். ஃபஹஸ் போகிற வண்டிகளுக்கு அதை அரை நாள் வாடகைக்கு மாட்டிவிடுவார். காலையில் மாட்டி, பரிசோதனை முடிந்து, மதியம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இதில் நான் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஃபஹஸ் நாளுக்கு நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அது எங்களிடையே குற்றமாகவே எண்ணப்படவில்லை. கல்யாணத்துக்குச் சங்கிலி இரவல் வாங்குவது மாதிரிதான்.

வண்டி ஜம்மென்று தேறியது. மதியம் வாடகை டப்பாவைக் கழற்றிவிட்டு, என்னுடைய அடைத்த டப்பாவை மறுபடி மாட்டப் போனபோது அவரே வேண்டாம் என்றார். அந்த இடத்தில் வெறும் குழாய் ஒன்றை வைத்தார். அடுத்த வருடம் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், வெல்டிங் வைத்தால் அறுக்க வேண்டும், ஆகவே கிளாம்ப் போட்டு முறுக்கினால் போதும் என்றார். வண்டி அதன்பிறகு பறந்தது. முக்கலும் இல்லை, முனகலும் இல்லை. எனக்கு ஒரே குஷி.

மறுநாள் காலை சர்வேயரிடம் சொன்னேன். “இப்ப நம்ம வண்டி விடுற புகைக்கு ரசீது இருக்குய்யா. வரி கட்டியாச்சு. எவ்வளவு வேணும்னாலும் விடுவேன், எவன் கேப்பான்?”

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த தங்கச்சியும் சிரித்த சத்தம் கேட்டது. வேடிக்கைக்குச் சொன்னேன் என்று பின்னால் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அது வேடிக்கை இல்லை. காசு கொடுத்துவிட்டேன், இனி அது என் உரிமை என்று உண்மையாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். வெயில் காலம். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை உள்காற்றிலேயே சுழலவிட்டு ஓட்டுவேன். என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் அகலம் இறக்கி வைத்திருப்பேன், எனக்கு முகத்தில் காற்று படவேண்டும். பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

“அண்ணை, பின்னுக்கு ஏதோ ஒரு மணம் வருது. எரிஞ்ச மணம் மாதிரி.”

“லாரி போகுதும்மா முன்னாடி. அதோட புகை” என்றேன். உண்மையில் லாரி ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தச் சாலையில் எப்போது லாரி இல்லை? இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னார். எனக்குச் சுள்ளென்றது. “வண்டி இப்பத்தான் ஃபஹஸ்ல தேறி வந்திருக்கு. வேணும்னா பேப்பரைக் காட்டவா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் மணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பாதி வழியில் மெல்லிய குரலில் கூப்பிட்டார். “அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுவியளோ? சத்தி வாற மாதிரி இருக்கு.” பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். ஓடிப்போய் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது. தலையிடி என்றார். மறுநாளும் அதே இடம், அதே வாந்தி. அதற்கு மறுநாள் அவரே ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார், எங்களை நிறுத்தச் சொல்லத் தயங்கி.

சர்வேயர் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார். “காலம்பற காலம்பற வாந்தி எடுக்கா. மாப்பிள்ளை ஊருக்குப் போயி எத்தனை மாசம் ஆச்சு, அண்ணாச்சி?”

“சும்மா இருங்க” என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சாப்பிட உட்கார்ந்தபடி, நான் மனைவியிடம் முதலில் சொன்னது அதைத்தான். வம்பு பேசுகிற ஆள் நான் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. செய்தி சொல்வதுபோலச் சொன்னேன், அவ்வளவுதான். பின்சீட்டுத் தங்கச்சிக்குத் தினமும் வாந்தி. மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

“பத்து மாசம் ஆச்சே அவர் போயி” என்றாள்.

“எனக்கென்ன தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றாள்.

அவள் யாரிடம் சொன்னாள், அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தம்மாமில் நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஒரு பெண்ணின் பேர் கெடுவதற்கு நாலு பேர் போதும். தங்கச்சியோடு ஃபிளாட்டில் இருந்த நர்சுகளில் ஒருத்தி அவர் குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதைக் கவனிக்க ஆரம்பித்தாள். அலுவலகத்தில் ஒருவர் உடம்புக்கு என்ன என்று ஒரு மாதிரியாகக் கேட்டாராம். பத்து நாளுக்குள் பேச்சு கடல் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு காலை அவர் கண்கள் வீங்கி வந்து ஏறினார். அரியலூர்த் தம்பிகூட அன்று தூங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார், சத்தமில்லாத குரலில், எங்கள் எல்லாருக்கும் சேர்த்து.

“நாளைக்கு நான் வரேல்லை அண்ணை. கிளினிக் போகோணும். அவர் ரிப்போட் கேக்கிறார்.”

“என்ன ரிப்போர்ட்?” என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சாலையைப் பார்த்து ஓட்டினேன். சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் கிளினிக் போனார். ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினார். கணவர் பார்த்துவிட்டு, அங்கே காசு கொடுத்தால் எந்த ரிப்போர்ட்டும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த நர்சு என் மனைவியிடம் சொன்னாள், மனைவி என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் பழைய உறுதி இல்லை.

“அப்ப நெஜமாவே ஒண்ணும் இல்லையோ?” என்றாள்.

“உனக்கு இப்பத்தான் சந்தேகம் வருதா?” என்று எரிந்து விழுந்தேன். நான்தானே ஆரம்பித்துவைத்தேன் என்பது அப்போது எனக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

தங்கச்சி மறுபடி வண்டியில் வரத் தொடங்கினார், அவருக்கு வேறு வழியில்லை. வந்தால் வாந்தி, தலையிடி. டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்திருந்தார். ஒருமுறை அவரே யோசனையோடு சொன்னார். “வெள்ளி சனியில ஒண்டும் இல்லை அண்ணை. வேலைக்கு வாற நாள்தான் இப்பிடி. எனக்கு இந்த வேலையே ஒத்துவரேல்லைப் போல.” வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போவதாகவும், கணவர் எதிரே போய் நின்றால் நம்புவாரோ என்னவோ என்றும் சொன்னார். எனக்குள் ஏதோ ஒன்று அந்த இடத்தில் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வேலையை விடாதம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷனாக ஆறுதல் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் மனைவியின் அக்கா குடும்பம் ரியாத்திலிருந்து வந்திருந்தது. எல்லாரும் கொபார் கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அக்காவுக்கு முட்டி வலி, நடு வரிசைதான் வசதி. அக்கா மகள்கள் இரண்டு பேரும் அம்மாவோடு ஒட்டிக்கொண்டார்கள். அக்கா புருஷன் முன்னால். என் மனைவி கடைசி வரிசையில் ஏறினாள். போகிற வழியெல்லாம் நெரிசல். வண்டி நகருவதும் நிற்பதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடற்கரையில் போய் நிறுத்தி டிக்கிக் கதவைத் திறந்தால் அவள் இருக்கையில் சாய்ந்து கிடந்தாள். கையைப் பிடித்து இறக்கியதும் இரண்டு எட்டு வைத்து மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். “என்னடி, விசேஷமா?”

நானும் சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியவில்லை, அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கிற வரைக்கும்.

“பின்னாடி புகை அடிக்குதுங்க” என்றாள். “தலை பிளக்குது. இவ்வளவு புகையில எப்படி ஒருத்தி தினம்…” அதோடு நிறுத்திவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அக்காவுக்கு எதுவும் புரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை சனாயா போனேன். எஞ்சினை ஓடவிட்டு, டிக்கிக் கதவைச் சாத்தி, நானே மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நெற்றிப் பொட்டில் ஒரு வலி தொடங்கியது. பட்டாணிக்காரர் அடியில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். கிளாம்ப் போட்ட இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. புகை பின்னால் குழாய் வழியாகப் போகாமல் அங்கேயே கசிந்து, வண்டியின் அடித்தளத்தில் பரவி, டிக்கிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. அந்தக் கதவின் ரப்பர் கிழிந்திருப்பது எனக்குத் தெரியும். தூசி வருகிறதே என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“நீ ஜன்னல் திறந்து ஓட்டினியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். முன்னால் திறந்தால் பின்னாலிருந்து உள்ளே இழுக்கும் என்று கையால் காட்டினார். பிறகு தலையை ஆட்டியபடி, “அல்லா காப்பாத்தினான் பாயி. தூங்கிட்டே செத்துப் போயிருப்பாங்க” என்றார். வாந்தி வந்து விழித்திருந்ததால்தான் தங்கச்சி பிழைத்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதற்றத்தில் மெக்கானிக் மீது பாய்ந்தேன். நீதானே கிளாம்ப் போதும் என்றாய் என்று கத்தினேன். அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் சரி என்று தலையாட்டியது நான். வரி கட்டிவிட்டேன் என்று மார் தட்டியதும் நான். அன்றே புது டப்பா வாங்கி, வெல்டிங் வைத்து, ரப்பரும் மாற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “அவகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?”

“நீயும் வா.”

“என்னால அவ முகத்தைப் பாக்க முடியாதுங்க” என்று அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும்தான் முடியாது. ராத்திரி முழுக்க, வண்டியில் ஏதோ பழுது இருந்தது, மெக்கானிக் தவறு, சரிசெய்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதுமே என்று ஒத்திகை பார்த்தேன். டப்பாவைக் கழற்றியதையும் மனைவியிடம் பேசியதையும் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே பெட்ரோல் பங்க்கில், அவர் கேட்காமலே வண்டியை நிறுத்தினேன். மற்ற மூவரையும் டீ குடிக்கப் போகச் சொன்னேன். சர்வேயர் மட்டும் போகாமல் கதவுப் பக்கம் நின்றார். தங்கச்சியை இறங்கச் சொல்லி, வெளியே நின்று சொன்னேன். ஒத்திகை எல்லாம் பறந்துபோய்விட்டது. வாடகை டப்பா, வெறும் குழாய், கிளாம்ப், கிழிந்த ரப்பர், மணம் வருகிறது என்று நீ சொன்னபோது நான் வாயை அடைத்தது, வீட்டில் போய் நான் சொன்னது, மனைவி எண்ணியது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசியதும் உண்டு என்று சர்வேயரும் தலையைக் குனிந்து சொன்னார்.

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை” என்றார் கடைசியில். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. வருத்தம் என்று அவர் சொன்னது நோயை. பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீங்கள் இதை அவருக்குச் சொல்லுவியளோ அண்ணை? இப்ப. என்ரை முன்னாலை.”

சொல்கிறேன் என்றேன். தங்கச்சி கணவரின் எண்ணை அழுத்தி, குரல் வெளியே கேட்கும்படி வைத்து, கைப்பேசியை என் கையில் கொடுத்தார். அங்கே எட்டரை மணி இருக்கும். மூன்றாவது மணியில் எடுத்த கணவர், தன் மனைவிதான் என்று நினைத்து, “இன்னும் என்ன சொல்லப்போறாய்?” என்றார்.

நான் யார் என்று சொன்னேன். வண்டிக்காரன் என்றேன். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். புகை எப்படி உள்ளே வந்தது என்று சொன்னேன். என் மனைவிக்கும் அதே இடத்தில் அதே வாந்தி வந்ததைச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன், அவர் குறுக்கிட்டார்.

“சரி, சரி அண்ணை. விளங்குது. வாகனப் புகைதானே. இஞ்சையும் ஒருக்கால் வான் ஒண்டுக்குள்ளை இப்பிடி நடந்தது. நீங்கள் சொன்னால் சரி. நான் நம்புறன்.” அவர் குரல் இறங்கி, ஒரு பாரம் இறங்கிய சந்தோஷம்கூடத் தெரிந்தது. “நீங்கள் கூப்பிட்டுச் சொன்னது பெரிய உதவி. அவவை ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். முடிந்தது, காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கினார். பேசவில்லை. மறுமுனையில் கணவர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி சிவப்புப் பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டித்தார்.

“என்னம்மா? அதான் நம்பிட்டாரே” என்றேன்.

“ஓம்” என்றார். “எட்டு வருசமா அவரோடை வாழ்ந்தனான். இரண்டு கிழமையா அழுது அழுது சொன்னனான். ரிப்போட்டும் எடுத்து அனுப்பினனான். நம்பேல்லை. உங்களை அவர் கண்டதுமில்லை. வாடகை டப்பா பூட்டிச் சோதினை பாஸ் பண்ணினனான் எண்டு நீங்களே சொல்லுறியள். உங்களிட்டை ஒரு ரிப்போட்டும் கேக்கேல்லை அண்ணை.”

சர்வேயர் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைப்பேசி மறுபடி அடித்தது. தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டே, அடித்து ஓயும்வரை கையில் வைத்திருந்தார்.